சருகு வராத தண்ணீர்

ஐயா, வணக்கம்.

நான் கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் இருக்கிறேன். எங்கள் மகளிர் குழுவில் 22 பேர், குழந்தைகளோடு, வரும் மே மாதம் வேன் பிடித்துக் கன்னியாகுமரி போகிறோம். பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை. 70 வயது தாண்டிய என் மாமியாரும் வருகிறார். மே மாதத்தில் கள்ளக்கடல் வரும் என்று மகன் போனில் படித்துவிட்டுச் சொல்கிறான். "புயலும் இல்லை, மழையும் இல்லை, கடல் சும்மா எப்படிப் பொங்கும்?" என்கிறார் வீட்டுக்காரர். ஓடையிலும் அருவியிலும் குளித்து வளர்ந்தவர்கள்தானே நாம், அவ்வளவு பயப்பட வேண்டுமா? நீங்கள் நாகர்கோவில் பக்கம் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் கேட்டாரே, அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு போங்கள். பதில் நம் மலையிலேயே இருக்கிறது.

கும்பக்கரை அருவிக்குப் போயிருப்பீர்கள். அங்கே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், மேலே கொடைக்கானல் பக்கம் மழை கொட்டியிருக்கும். திடீரென்று பாம்பாற்றில் வெள்ளம் இறங்கும். எனக்குப் பத்து வயதில் அங்கே குளித்துக்கொண்டிருந்தபோது, என் மாமா தண்ணீரைக் கையில் அள்ளி உற்றுப் பார்த்தார். உள்ளங்கையில் இரண்டு மூன்று சருகுத் துணுக்கு, அடியில் கொஞ்சம் செம்மண். "ஏறுங்கடா!" என்று ஒரே சத்தம். துண்டைக்கூட எடுக்காமல் ஏறினோம். நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள் போய்விட்டது.

கள்ளக்கடலும் இதே மாதிரிதான். மழை பெய்த இடம் ஒன்று, வெள்ளம் வருகிற இடம் இன்னொன்று. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்டிக் பக்கம், பலத்த புயற்காற்று வீசும்போது எழுகிற பெரிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, சில நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் திருடன் மாதிரி வருவதால் கேரள மீனவர்கள் வைத்த பெயர் அது. 2012-இல் யுனெஸ்கோவும் அதையே அறிவியல் பெயராக ஏற்றுக்கொண்டது. ஏப்ரல், மே மாதங்களில்தான் இது அதிகம், அதாவது நமக்குப் பள்ளி விடுமுறை விடுகிற நேரத்தில்.

ஒரே ஒரு வித்தியாசம். கும்பக்கரையில் முதலில் சருகு வரும். கடலில் சருகு வராது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்கோயிஸ் என்ற கடல் தகவல் மையம் வெளியிடுகிற எச்சரிக்கைதான் நமக்குச் சருகு. 2024 மே 6 அன்று, கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்திருந்த சமயத்தில், கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். படித்த பிள்ளைகள். இதை எழுதும்போதும் மனசு ஆறவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாளும், அன்று காலையிலும் எச்சரிக்கை இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் கடலைத் தூர நின்று பாருங்கள், கால்கூட நனைக்க வேண்டாம். விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகைக் கடல் சீற்றம் என்று நிறுத்தியிருந்தாலும் அப்படியே.

எச்சரிக்கை இல்லாத நாளிலும் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு சாயங்காலம் முட்டம் பக்கம் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மணல் கரைந்து, நின்ற இடத்திலேயே பள்ளமானது. பக்கத்தில் அலை உடையாமல் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருமையாகத் தெரிந்தது. அங்கே இறங்கினால் சுகமாக இருக்குமே என்று நகர்ந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சத்தம் போட்டு நிறுத்திவிட்டு, தேங்காய் மட்டை ஒன்றை அந்த இடத்தில் எறிந்தார். அது கரைக்கு வரவில்லை. நேரே உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கரையில் ஏறிய தண்ணீர் திரும்பிப் போகிற வழி அது. ஓடையில் வளர்ந்த நாம் அமைதியான தண்ணீரைத் தேடித்தான் இறங்குவோம், அந்தப் பழக்கம் கடலில் ஆளைக் கொண்டுபோய்விடும்.

யாராவது அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, கை ஓய்ந்துவிடும். அந்த இழுப்பு ஆளை அடியில் அமுக்காது, வெளியே கொண்டுபோகும், அவ்வளவுதான். மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும். நீச்சல் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்பலாம். நீச்சல் தெரியாதவர்கள் கணுக்காலுக்கு மேல் இறங்கவே வேண்டாம். நனைந்த சேலை எவ்வளவு கனம் என்று உங்களுக்கே தெரியும்.

காப்பாற்றுகிறேன் என்று பின்னாலேயே குதிக்கிறவர்களும் போய்விடுகிறார்கள். கைகோத்துச் சங்கிலி மாதிரி இறங்குவதும் வேண்டாம், ஒருவர் சறுக்கினால் எல்லோரும் சறுக்குவார்கள். வேனில் சமையல் எண்ணெய் கேன் இருக்கும் அல்லவா? காலியான 5 லிட்டர் கேன் இரண்டை மூடி இறுக்கி, ஒரு நீளக் கயிற்றோடு கையில் வைத்திருங்கள். அதை எறிந்தால் பிடித்து மிதக்கலாம். உடனே மீனவர்களைக் கூப்பிடுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093, கடலோரக் காவல்படை 1554. இரண்டையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

உங்கள் மாமியாருக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள். மணலில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்தக் கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, காய்ந்த மணலில் போட்டு உட்கார வையுங்கள். கடலுக்கு முதுகு காட்டிப் போட்டோ எடுக்கச் சொல்லாதீர்கள். முதல் தடவை பார்க்கிறவர், கடலைப் பார்த்தபடியே ஆற அமர உட்காரட்டும். பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.