கேள்வி–பதில்: கொடுவாவில் கலவழி

கேள்வி: நரம்புச் சிதைவு வைரசை ஆராய, கொடுவா மீனின் மூளையிலிருந்து கலவழி (குடுவையில் தொடர்ந்து பெருகும் கலங்களின் வரிசை) தொடங்க முயல்கிறோம். இழையத் துண்டுகள் மிதக்கின்றன. இரண்டாம் நாளே ஊடகம் கலங்கிவிடுகிறது. என்ன பிழை? (மாணவி, கொக்குவில்)

பதில்: துண்டு மிதந்தால் ஊடகத்தை முந்தி ஊற்றிவிட்டீர்கள் என்று பொருள். 25 ச.செ.மீ. குடுவையில் 1 கன மி.மீ. அளவான துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, 0.2 மி.லீ. மாட்டுக்கருச் சீரம் மட்டும் விட்டு, இரவு முழுக்க 28 பாகையில் வையுங்கள். காலையில் 20% சீரம் கலந்த எல்-15 என்னும் கல வளர்ப்பு ஊடகம் 3 மி.லீ. மெதுவாகச் சேருங்கள். அதன்பின் மூன்று நாட்கள் குடுவையை அசைக்கவே கூடாது. பார்க்கும் ஆவலில் எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் பாதி முயற்சிகளைக் கெடுக்கிறது.

கலங்கலுக்குக் காரணம் மீனின் தோலிலும் குடலிலும் உள்ள கிருமிகள். ஒருநாள் பட்டினி போட்டு, கொன்றபின் 500 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 500 பங்கு) குளோரின் கரைசலில் 5 நிமிடம் அமிழ்த்தி, 70% எதனோலால் துடையுங்கள். கழுவும் உப்புக் கரைசலில் மி.லீ.க்கு 500 அலகு பெனிசிலின், 500 மைக்ரோகிராம் ஸ்திரெப்தோமைசின், 2.5 மைக்ரோகிராம் அம்போதெரிசின் இருக்கட்டும். கலவழி நிலைத்தபின் இவற்றை நிறுத்துங்கள். தெளிந்த ஊடகத்தையும் நம்பாதீர்கள்: மைக்கோபிளாஸ்மா என்னும் மிகச்சிறு பற்றீரியாவுக்குக் கலச்சுவர் இல்லாததால் பெனிசிலின் அதைத் தொடாது, ஊடகமும் கலங்காது. மரபுப்பொருளைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனை செய்தால்தான் பிடிபடும்.

எல்-15 ஊடகத்துக்குக் காபனீரொட்சைட்டு வேண்டாம். அந்த வாயு ஓடும் அடைகாப்பியில் வைத்தால் அமிலமாகி மஞ்சளாகும், மூடியை இறுக்குங்கள். யாழ்ப்பாணச் சித்திரை வெக்கையில் அறை வெப்பத்தை நம்பாமல், குளிரூட்டும் வசதியுள்ள அடைகாப்பியே வாங்குங்கள்.

கலங்கள் அடியை 80% மூடியதும் 0.25% திரிப்சின் நொதியத்தால் பிரித்து ஒரு குடுவையை இரண்டாக்குங்கள். கலங்கள் உருண்டதும் சீரம் விட்டுத் திரிப்சினின் வேலையை நிறுத்த வேண்டும். தொடக்கப் பரம்பரைகளிலேயே உறைவில் கலங்களைக் காக்கும் டிஎம்எஸ்ஓ 10% சேர்த்துத் திரவ நைதரசனில் சேமியுங்கள். இனத்தைக் காட்டும் சிஓஐ மரபணுவைப் பார்த்து, அது கொடுவாதான் என்று உறுதிசெய்யுங்கள்; கொடுவாவின் நிறமூர்த்தங்கள் 48.

மூளைக்கலம் என்பதற்காக வைரசு அதில் வளர்ந்தே தீரும் என்றில்லை. 0.22 மைக்ரோன் வடியால் வடித்த நோய்மீன் சாற்றை இட்டுப் பாருங்கள். கலங்களுக்குள் (கலவுருவில்) வெற்றிடக் குமிழ்கள் தோன்றாவிட்டாலும், வைரசின் ஆர்என்ஏயைத் தேடும் ஆர்டி-பிசிஆர் செய்துவிட்டே முடிவு சொல்லுங்கள். நோயைக் கண்டறிவது மட்டுமே தேவையென்றால் புதுக் கலவழி வீண் செலவு. விரால் மீனிலிருந்து வந்த ஈ-11 என்னும் கலவழி போதும், ஆனால் அது ஏற்கனவே ஒரு ரெட்ரோவைரசைச் சுமக்கிறது. வைரசு இடாத ஒப்பீட்டுக் குடுவை கட்டாயம்.

கேள்வி: இறாலின் வெண்புள்ளி வைரசுக்கும் இதே முறை சரிவருமா? (பண்ணையாளர், பூநகரி)

பதில்: வராது. இறாலின் குருதிக்கலங்களும் நிணநீர் உறுப்புக் கலங்களும் சில வாரங்கள் உயிர்வாழும், ஆனால் தொடர்ந்து பெருகுவதில்லை. பண்ணைக்கு பிசிஆர் பரிசோதனைதான் வழி.