பொலிகுதிரையும் வம்சாவளித் தாளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூசிலாந்தின் ஒட்டாகோ குடியேற்றம் பற்றி எழுதும்போது, ஸ்காட்லாந்திலிருந்து கிளைட்ஸ்டேல் என்ற கனத்த இழுவைக் குதிரை இனத்தின் பொலிகுதிரைகள் (இனவிருத்திக்கான ஆண் குதிரைகள்) கப்பலேறி வந்ததை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எங்கள் பக்கம் காங்கேயம் பொலிகாளை வைத்திருப்பவர்கள் உண்டு, அதனால் கேட்கிறேன். மூன்று மாதம் பாய்மரக் கப்பலில் காப்பாற்றி ஓர் ஆண் குதிரையைக் கொண்டுவருவதில் என்ன கணக்கு? உழவுக்கு மாடு போதாதா? வம்சாவளிப் பதிவெல்லாம் பெரிய பண்ணைக்காரர்களின் பெருமைக்கா, உழுகிறவனுக்கும் அதில் ஏதாவது இருந்ததா?

க., தாராபுரம்

அன்புள்ள க.,

மாடு போதும் என்றுதான் அவர்களும் தொடங்கினார்கள். 1848 முதல் ஒட்டாகோவில் இறங்கிய ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு ஆரம்ப ஆண்டுகளில் பெரும்பாலும் காளைகள்தான் உழவுக்கும் மரம் இழுக்கவும். சேற்றில் காளை நிதானமாக இழுக்கும், புல்லை மட்டும் தின்று வாழும். கோதுமையும் ஓட்ஸும் பெரும்பரப்பில் வந்தபோதுதான் சிக்கல். ஒற்றைக் கொழுக் கலப்பையில் ஒன்பது அங்குலச் சாலாக ஓர் ஏக்கர் உழ 11 மைல் நடக்க வேண்டும். இரண்டு குதிரைகள் இதை ஒரு நாளில் முடிக்கும். காளைக்கு அந்த நடை இல்லை. அடுத்து, 1880களில் பரவிய கதிரறுத்துக் கட்டும் இயந்திரம். அதில் எஞ்சின் கிடையாது. தரையில் உருளும் பெரிய சக்கரம்தான் கத்தியையும் முடிச்சுப் போடும் கையையும் ஓட்டுகிறது. நடை தளர்ந்தால் கத்தி கதிர்த்தண்டை அறுக்காமல் மென்று அடைத்துக்கொள்ளும். மூன்று கனத்த குதிரைகள் ஒரே சீராக நடந்தால்தான் அது வேலை செய்யும்.

ஆண் குதிரை மட்டும் ஏன் என்பதற்கு விடை எண்ணிக்கையில் இருக்கிறது. பெண்குதிரை ஆண்டுக்கு ஒரு குட்டிக்கு மேல் ஈனாது. 11 மாதச் சினை. நல்ல பொலிகுதிரை ஒரு பருவத்தில் 80 பெண்குதிரைகளைச் சேரும். அறுபது சதவீதம் சினை பிடித்தாலும் 48 குட்டிகள். வட்டாரத்தில் கிடந்த கலப்புப் பெண்குதிரைகள் மேல் அதே இனத்து ஆணைத் திரும்பத் திரும்ப விட்டால் முதல் தலைமுறை அரை ரத்தம், பிறகு முக்கால், எட்டில் ஏழு, பதினாறில் பதினைந்து. மூன்று வயதில் சேர்த்து நான்கில் ஈன்றால் ஒரு தலைமுறைக்கு நான்கு ஆண்டு. இடையில் ஒரு தலைமுறைக்கு விலை மலிவு என்று பெயர் தெரியாத ஆணை விட்டவன், அந்தப் படியை மறுபடி ஏற வேண்டும்.

வம்சாவளித் தாளின் வேலை இங்கேதான் வருகிறது. ஸ்காட்லாந்தில் கிளைட்ஸ்டேல் சங்கம் 1877-ல் தோன்றியது, மறு ஆண்டு முதல் பதிவேடு வந்தது. நியூசிலாந்துக்காரர்கள் தங்கள் சங்கத்தை 1911-ல் அமைத்தார்கள். தாளில் இருப்பது தகப்பன், தாய், தாயின் தகப்பன் என்ற பெயர் வரிசைதான். உழுகிறவனுக்கு அது எதற்கு? கனத்த குதிரையைக் கெடுக்கும் கோளாறுகள் மூன்று வயதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. குளம்புக்கு மேல் குதிப்பக்கம் இருக்கும் குருத்தெலும்பு எலும்பாக இறுகிப்போவது, கணுவுக்குக் கீழே எலும்பு வளையம் கட்டுவது, பின்னங்கால் முட்டியில் எலும்பு புடைப்பது, தொண்டை நரம்பு செத்து மூச்சு இரைவது: இவையெல்லாம் கடினமான சாலையில் பாரம் இழுத்து ஐந்தாறு வயதாகும்போது வெளிப்படும். அதற்குள் அந்தப் பொலிகுதிரை நூற்றுக்கும் மேற்பட்ட குட்டிகளுக்குத் தகப்பனாகியிருக்கும். ஆகவே குதிரையைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. அதன் தகப்பனும் தாயும் பத்து வயதில் எப்படி நடந்தன என்று தெரிய வேண்டும். தாள் இல்லாமல் அந்த விசாரணையைத் தொடங்கவே வழியில்லை.

தாள் மட்டும் போதும் என்று நினைத்தவர்களும் ஏமாந்தார்கள். சரியான வாங்குபவர் குனிந்து குதிப்பக்கத்துக் குருத்தெலும்பைக் கட்டைவிரலால் அழுத்துவார். அது ரப்பர்போல் மீள வேண்டும். பிறகு குதிரையைச் சுவரோரம் நிறுத்தித் தடியை ஓங்குவதுபோல் பாவனை செய்வார். திடுக்கிட்டு உறுமினால் தொண்டையில் சந்தேகம், உடனே ஓடவிட்டு மூச்சைக் கேட்க வேண்டும். இறுக்கிப் பிடித்துத் திருப்பிப் பின்னுக்குத் தள்ளும்போது பின்கால் வெட்டி இழுத்தால் அந்தக் குதிரை வேண்டாம். மூன்று வயதுக் குதிரைக்குக் கொடுக்கும் நலச்சான்று அந்தப் பருவத்துக்கு மட்டுமே செல்லும் என்று வைப்பதுதான் நியாயம். அடுத்த ஆண்டு மறுபடி பார்க்க வேண்டும்.

பண்ணைக்காரர் பெண்குதிரையைப் பொலிகுதிரையிடம் ஓட்டிக்கொண்டு போனதில்லை. வசந்தத்தில் (அங்கே அது செப்டம்பர் முதல் நவம்பர் வரை) ஊர்ச் சந்தையில் பொலிகுதிரைகளை அணிவகுத்துக் காட்டுவார்கள். அதன்பின் பராமரிப்பாளன் ஒருவன் குதிரையைக் கையில் பிடித்து வாரம் முழுக்க ஒரே சுற்றில் நடத்திப் போவான். திங்கள் இந்த ஊர், செவ்வாய் அடுத்தது. வம்சாவளி, சுற்றுப்பாதை, கட்டணம் எல்லாம் அச்சிட்ட அட்டையில் இருக்கும். கட்டணத்தில் ஒரு பங்கு சேர்க்கும்போது, மீதி சினை உறுதியான பிறகு. வாரச் சுற்று சும்மா வைத்த ஏற்பாடல்ல. பெண்குதிரை 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், அது ஐந்து முதல் ஏழு நாள் நிற்கும். ஏழு நாளுக்கு ஒருமுறை வாசலுக்கு வரும் ஆண் அந்தப் பருவத்தைத் தவறவிடுவது அபூர்வம். சேர்த்த பின் மூன்றாவது வருகையில் மறுபடி சோதிப்பார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே பலகைத் தட்டி இருக்கும். பெண்குதிரை காதை மடக்கி உதைத்தால் சினையாக இருக்க வாய்ப்பு. வாலைத் தூக்கிச் சிறுநீர் விட்டுச் சாய்ந்து நின்றால் மறுபடி சேர்க்க வேண்டும். தட்டி இல்லாமல் சோதித்தால் அந்த உதை பொலிகுதிரையின் காலில் விழும். அவ்வளவு விலையுள்ள குதிரையை அப்படி இழக்கக் கட்டாது. பாரன் ஆஃப் பக்லைவி என்ற புகழ்பெற்ற கிளைட்ஸ்டேல் பொலிகுதிரை 1911-ல் ஸ்காட்லாந்தின் ஏர் நகரத்து ஏலத்தில் 9,500 பவுண்டுக்குப் போனது. 1914-ல் ஒரு பெண்குதிரை உதைத்துக் கால் முறிந்து அதன் கதை முடிந்தது. கிளாஸ்கோவின் கெல்விங்ரோவ் அருங்காட்சியகத்தில் எலும்புக்கூடு நிற்கிறது.

நாளுக்கு இரண்டு சேர்க்கைக்கு மேல் போனால் சினை பிடிப்பது குறையும். பேராசைக்காரன் நூற்றிருபது பெண்குதிரைகளுக்கு ஒப்புக்கொண்டு, டிசம்பரில் பாதியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு அலைவான்.

ஒட்டாகோவுக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு. அங்கே செப்டம்பர், அக்டோபர்தான் விதைப்புக்காலம். பெண்குதிரைகள் இயற்கையாக ஈனுவதும் அப்போதே. கலப்பையில் பாதிப் பேர் நிறைசினை. விவரம் தெரிந்தவர் நவம்பர் கடைசி வரை சேர்க்கையைத் தள்ளிப்போட்டு, குட்டி விதைப்பு முடிந்து விழும்படி பார்த்துக்கொள்வார். சினைக்குதிரையை வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது. மெதுவான வேலை நல்லது. பாரவண்டியைப் பின்னுக்குத் தள்ளவைப்பதும் வழுக்கும் தரையும்தான் ஆகாது.

ஈனுதல் வேகமாக நடக்கும். பனிக்குடம் உடைந்து அரைமணிக்குள் குட்டி வெளியே வர வேண்டும். வரவில்லையென்றால் கால் மடங்கியிருக்கலாம். குட்டி இரண்டு மணிநேரத்துக்குள் எழுந்து சீம்பாலைக் குடிக்க வேண்டும். தொப்புளில் அயோடின் தடவாவிட்டால் சில நாளில் மூட்டு வீங்கும், பெரும்பாலும் குட்டி போகும். கனத்த இனங்களில் தாய்க்குப் பெரிய ஆபத்து நஞ்சுக்கொடி தங்குவது. மூன்று மணிநேரத்துக்குள் விழவில்லையென்றால் ஆபத்து, விழுந்ததையும் விரித்துப் பார்க்க வேண்டும். கைப்பிடி அளவு துண்டு உள்ளே நின்றாலும் சீழ்பிடித்து, அதன் விஷத்தால் குளம்புக்குள் அழற்சி வந்து, குதிரை நிற்க முடியாமல் படுத்துவிடும். மாட்டுக்குச் செய்வதுபோல் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்தவர்கள் இழந்தார்கள்.

தீவனத்தில் வரும் பிழை ஞாயிற்றுக்கிழமைப் பிழை. ஸ்காட்லாந்துக்காரர்கள் அன்று ஏர் பூட்ட மாட்டார்கள். ஆனால் ஓட்ஸை மட்டும் வழக்கம்போல் அள்ளி வைத்தால் திங்கள் காலை பூட்டிய அரைமணியில் குதிரை வியர்த்து, தொடை கல்லாக இறுகி, காப்பி நிறத்தில் சிறுநீர் விடும். சனி இரவே ஓட்ஸைப் பாதியாகக் குறைத்துத் தவிடு கலக்க வேண்டும், ஞாயிறு கொஞ்சம் நடத்தியும் விட வேண்டும். இறுகிய குதிரையை வலுக்கட்டாயமாக நடத்தினால் போய்ச்சேரும்.

பெருமைக்கா என்று கேட்டீர்கள். அதுவும் கலந்திருந்தது, அதன் சேதம் கால்களில் தெரிந்தது. கண்காட்சி நடுவர்களுக்குக் கணுவிலிருந்து பட்டுபோல் தொங்கும் மயிரும் வெள்ளைக் கால்களும் பிடித்திருந்தன. ஒட்டாகோவை ஒட்டிய சவுத்லேண்டின் குளிர்காலச் சேற்றில் அந்த மயிர் ஈரம் பிடித்துக்கொண்டது. அடியில் சொறியுண்டாக்கும் சிற்றுண்ணி, புண், நாற்றம். வெள்ளைத் தோலில் இன்னும் மோசம். தினமும் கழுவுகிறவன் புண்ணை வளர்த்தான்; காயவிட்டுத் துலக்கி, கந்தகம் கலந்த எண்ணெய் தடவுவதே சரி. பதிவேட்டிலும் நெருக்கடி வந்தது. 1866-ல் பிறந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், 1872-ல் பிறந்த டார்ன்லி ஆகிய இரண்டு பொலிகுதிரைகளின் வழிகளையே மாற்றி மாற்றிப் பின்னியதில் பிரபல குதிரைகளெல்லாம் நெருங்கிய உறவாகிவிட்டன.

 

சாதாரணக் குடியானவனுக்கு என்ன கிடைத்தது என்றால், ஆண்குட்டி. ஒரு வயதில் ஈ வருமுன் காயடித்து, இரண்டரை வயதில் பழக்கி, மூன்றில் இலேசான வேலை கொடுத்து, ஐந்தாறு வயதில் ஒட்டாகோவின் நகரமான டுனெடினின் பாரவண்டிக்காரர்களுக்கு விற்பார்கள். நகரச் சாலைக்குப் பெரிய குளம்பும் கனமும் உள்ள குதிரைதான் வேண்டும், அதற்குக் கூடுதல் விலை கொடுப்பார்கள். இரண்டு மூன்று ஆண்டு உழுதுவிட்டு, வாங்கிய விலை என்று ஒன்றுமே இல்லாத மிருகத்தை உச்ச விலைக்கு விற்பது காளையில் நடக்காது. பெண்குட்டியை விற்க மாட்டார்கள். அடுத்த படிக்கு அது வேண்டும்.