கனெக்டிகட் பிறந்த கதை: பிள்ளைகள் கேட்டவை, ஆசிரியர் சொன்னவை

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தின் தொடக்க காலம் பற்றிப் பிள்ளைகளும் பெற்றோர்களும் கேட்ட கேள்விகளும், வரலாற்று ஆசிரியர் ஒருவர் அவற்றுக்குச் சொன்ன பதில்களும்.

சார், கனெக்டிகட்டுக்கு முதலில் வந்தவர்கள் ஆங்கிலேயர்களா? (6ஆம் வகுப்பு மாணவன்)

இல்லை தம்பி. அவர்களுக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். பீக்வாட், மொகீகன், நயன்டிக் என்று பல இனத்தார். மண்ணை மேடாகக் குவித்து, அதில் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் சேர்த்தே நடுவார்கள். சோளத்தண்டைப் பிடித்து பீன்ஸ் கொடி ஏறும். பூசணி இலை தரையை மூடிக் களையை அடக்கும்.

ஐரோப்பியர்களிலும் டச்சுக்காரர்கள்தான் முந்திக்கொண்டார்கள். ஏட்ரியன் பிளாக் என்பவர் 1614இல் கனெக்டிகட் ஆற்றில் கப்பலோட்டிப் போனார். 1633இல் இன்றைய ஹார்ட்ஃபோர்டில் பீவர் என்ற நீர்விலங்கின் தோல் வாங்க டச்சுக்காரர்கள் ஒரு சிறு கோட்டையும் கட்டினார்கள். அதே ஆண்டு பிளிமத் என்ற ஆங்கிலக் குடியேற்றத்திலிருந்து ஆங்கிலேயர் ஒரு படகில் வந்தார்கள். வீட்டுக்கு வேண்டிய மரச்சட்டங்களை முன்கூட்டியே செய்து படகில் ஏற்றியிருந்தார்கள். டச்சுக்காரர்கள் பீரங்கியைக் காட்டி மிரட்டினார்கள், ஆனால் சுடவில்லை. படகு தாண்டிப் போனது. இன்று வின்ட்சர் இருக்கும் இடத்தில் சட்டங்களைப் பொருத்தி வீட்டை நிறுத்திவிட்டார்கள்.

பாதிரியார் தாமஸ் ஹூக்கர் ஏன் மாசசூசெட்ஸை விட்டு கனெக்டிகட்டுக்கு வந்தார்? (7ஆம் வகுப்பு மாணவி)

இரண்டு காரணம் பாப்பா. ஒன்று, மாட்டுக்குப் புல் போதவில்லை. இன்னொன்று, மாசசூசெட்ஸில் திருச்சபை உறுப்பினராக இருந்தால்தான் வாக்கு. அங்கே தலைவர்கள் கையில் அதிகாரம் குவிந்தது ஹூக்கருக்குப் பிடிக்கவில்லை. 1636 கோடையில் சுமார் 100 பேர், 160 மாடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுவழியே ஹார்ட்ஃபோர்டுக்கு நடந்தார்கள். உடல்நலமில்லாத அவர் மனைவியைக் குதிரைகள் சுமந்த பல்லக்கில் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் அந்த மாடுகளின் பால்தான் ஆகாரம்.

இங்கே கார் நம்பர் பிளேட்டில் 'அரசியலமைப்பு மாநிலம்' என்று போட்டிருக்கிறது. எதனால்? (ஹார்ட்ஃபோர்டில் வசிக்கும் ஒரு தந்தை)

ஹார்ட்ஃபோர்ட், வின்ட்சர், வெதர்ஸ்ஃபீல்ட் ஆகிய மூன்று ஊரும் சேர்ந்து 1639 ஜனவரியில் 'அடிப்படை ஆணைகள்' என்று ஒரு ஆட்சி முறையை எழுதிவைத்தன. யார் ஆளுநர், எப்படித் தேர்தல், எப்போது சபை கூட வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. இங்கிலாந்து மன்னர் பெயர் மட்டும் இல்லை! அந்தப் பெருமையில்தான் 1959இல் மாநிலம் இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டது. உலகின் முதல் எழுதப்பட்ட அரசியலமைப்பு என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகப் படுகிறது. பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் அதில் வாக்கில்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

பீக்வாட் போரைப் பற்றி 9 வயதுப் பெண்ணிடம் சொல்லலாமா? பயமாக இருக்கிறது. (ஒரு தாய்)

சொல்லத்தான் வேண்டும். ஹூக்கர் மாடு ஓட்டி வந்ததை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான்.

1633–34இல் பெரியம்மை வந்து பழங்குடி மக்களில் ஏராளமானோர் இறந்தார்கள். தோல் வணிகத்தில் யார் கை ஓங்குவது என்ற போட்டி வேறு. ஆங்கில வணிகர் சிலர் கொல்லப்பட்டதைச் சாக்காக வைத்து, 1636இல் மாசசூசெட்ஸ் படை பீக்வாட் ஊர்களைக் கொளுத்தியது. பீக்வாட்டுகள் 1637 ஏப்ரலில் வெதர்ஸ்ஃபீல்டைத் தாக்கி 9 பேரைக் கொன்றார்கள். மே 26 விடியற்காலை, ஜான் மேசன் தலைமையில் ஆங்கிலேயரும், அவர்களோடு சேர்ந்த மொகீகன், நாரகான்செட் பழங்குடி வீரர்களும் மிஸ்டிக் என்ற இடத்தில் மரவேலி சூழ்ந்த பீக்வாட் ஊரைச் சூழ்ந்தார்கள். வாசல் இரண்டே இரண்டு. மேசன் தீ வைக்கச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்குள் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியோர். கூட வந்த நாரகான்செட் வீரர்களே இவ்வளவு பேரையா கொல்வது என்று திகைத்துப்போனதாக அந்தப் படையின் தலைவர்களில் ஒருவரே எழுதியிருக்கிறார்.

1638இல் போட்ட ஹார்ட்ஃபோர்ட் உடன்படிக்கை, மிஞ்சியவர்கள் தங்களைப் பீக்வாட் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது என்றது. சிலர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். ஆனால் அவர்கள் அழிந்துவிடவில்லை. மஷன்டக்கெட் பீக்வாட் இனத்தை அமெரிக்க அரசு 1983இல் அங்கீகரித்தது. அவர்களே ஒரு பெரிய அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். உங்கள் பெண்ணை அங்கே கூட்டிப்போங்கள். தீ வைத்த விவரத்தை இப்போதைக்குச் சுருக்கிச் சொன்னால் போதும்.

கருவாலி மரத்துக்குள் பட்டயத்தை ஒளித்துவைத்தது நிஜமா, கட்டுக்கதையா? (8ஆம் வகுப்பு மாணவன்)

கொஞ்சம் நிஜம், கொஞ்சம் அலங்காரம். 1662இல் இரண்டாம் சார்லஸ் மன்னர், கனெக்டிகட் தன்னைத்தானே ஆண்டுகொள்ள ஒரு பட்டயம் கொடுத்தார். அடுத்து வந்த ஜேம்ஸ் மன்னருக்கு அது பிடிக்கவில்லை. பட்டயத்தை வாங்கிவர ஆளுநர் எட்மண்ட் ஆன்ட்ரோஸை அனுப்பினார். 1687 அக்டோபர் 31, ஹார்ட்ஃபோர்டில் கூட்டம். இருட்டும்வரை பேச்சு நீண்டது. மேஜைமேல் பட்டயம். திடீரென்று மெழுகுவர்த்திகள் அணைந்தன. மறுபடி ஏற்றிப் பார்த்தால் பட்டயத்தைக் காணோம்! ஜோசப் வாட்ஸ்வொர்த் என்பவர் எடுத்துப்போய் மரப்பொந்தில் வைத்தாராம்.

மெழுகுவர்த்தியும் மரமும் அன்றைய பதிவேட்டில் இல்லை. அதில் ஆன்ட்ரோஸ் ஆட்சியை எடுத்துக்கொண்டார் என்று எழுதி, கடைசியில் 'முற்றும்' என்று போட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் 1715இல் சட்டசபை, பட்டயத்தின் பிரதியைக் காப்பாற்றியதற்காக வாட்ஸ்வொர்த்துக்குச் சன்மானம் கொடுத்தது பதிவாகியிருக்கிறது. ஆக, ஒளித்தது உண்மை. எங்கே என்பதில்தான் சந்தேகம். ஜேம்ஸ் பதவி இழந்ததும், 1689இல் கனெக்டிகட் பழையபடி பட்டயத்தின்படியே தன்னை ஆண்டுகொண்டது. அந்த மரம் 1856இல் புயலில் சாய்ந்தது. 1999இல் வந்த கால் டாலர் நாணயத்தில் அதன் படத்தைப் பார்க்கலாம்.

நியூ ஹேவன் தனிநாடாக இருந்ததா? (7ஆம் வகுப்பு மாணவி)

தனிக் குடியேற்றமாக இருந்தது. 1638இல் தொடங்கி 1665இல் கனெக்டிகட்டோடு இணைந்தது.

யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்னைப் பணம் போனதாமே, சார்? (சென்னையிலிருந்து ஓர் ஆசிரியை)

போனது. எலைஹூ யேல் பாஸ்டனில் பிறந்தவர், சிறுவயதிலேயே இங்கிலாந்து போனவர். 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தராகச் சென்னை வந்து, 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தார். முறைகேட்டுப் புகாரில் பதவி போனது. சேர்த்த செல்வம் போகவில்லை. 1701இல் தொடங்கிய கனெக்டிகட் கல்லூரி ஒன்று காசில்லாமல் திண்டாடியபோது, 1718இல் 9 பொதி சரக்கு, 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம் ஆகியவற்றை அனுப்பினார். சரக்கை விற்றதில் 560 பவுண்டுக்கு மேல் கிடைத்தது. அதற்கே கல்லூரிக்கு அவர் பெயர்! அவர் அமர்ந்திருந்த கோட்டை ஆலோசனைக் குழுவில் அடிமைகளைக் கப்பலேற்றும் முடிவுகளும் எடுக்கப்பட்டன. வகுப்பில் இதையும் சேர்த்தே சொல்லுங்கள் அம்மா. அவருடைய மகன் டேவிட்டின் கல்லறை சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது.

கனெக்டிகட் எப்போது மாநிலமானது? (5ஆம் வகுப்பு மாணவன்)

1788 ஜனவரி 9, ஐந்தாவதாக. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்க அரசியலமைப்பை எழுத நடந்த மாநாட்டில் பெரிய மாநிலங்களும் சிறிய மாநிலங்களும் முட்டிக்கொண்டன. மக்கள்தொகைப்படி ஒரு சபை, எல்லோருக்கும் சமமாக ஒரு சபை என்று வழி சொன்னவர்களில் முக்கியமானவர் கனெக்டிகட்டின் ராஜர் ஷெர்மன். இளமையில் செருப்புத் தைத்தவர். பெரிய மாநிலமோ சின்ன மாநிலமோ, அந்தச் சமமான சபையான செனட்டில் இன்றும் ஆளுக்கு இரண்டு இடம்தான்.