கட்டணம் மட்டும் போதுமா?

கேள்வி: அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த என் அண்ணன் மகளைக் கல்லூரியில் சேர்க்க வசதியில்லை. அகரம் அறக்கட்டளை உதவுமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: விண்ணப்பிக்கலாம். நடிகர் சூர்யா 2006-இல் தொடங்கிய அகரம், 2010 முதல் ‘விதை’ திட்டத்தின் வழியாக ஏழை மாணவர்களைக் கல்லூரியில் சேர்த்துவருகிறது. தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து, ஒழுகும் கூரையையும் பெற்றோரின் கூலியையும் நேரில் அறிந்துகொள்வதால், மதிப்பெண்ணை மட்டும் எண்ணித் தயங்க வேண்டாம். முதல் செமஸ்டரிலேயே ஆங்கிலப் பாடம் புரியாமல் பெட்டியைக் கட்டிய பிள்ளைகளை நான் அறிவேன். ஆகவே, படிப்பு முடியும்வரை அகரத்தின் வழிகாட்டிகள் உடனிருப்பதே கட்டணத்தைவிடப் பெரிய உதவி என்பேன். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். கல்லூரியில் சேர்ந்தவுடன் அதற்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.