கிறிஸ்துமஸ் அன்று குண்டுவீச்சு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப்போர் பற்றிய உங்கள் கட்டுரையில், 1944 டிசம்பரில் பெல்ஜியத்தின் பாஸ்டோன் ஊரில் அமெரிக்கரை ஜெர்மானியர்கள் சூழ்ந்துகொண்ட முற்றுகையின்போது பறந்த அமெரிக்கத் தண்டர்போல்ட் விமானங்களை இரண்டே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு ஆர்வம் அங்கேதான். 1914 கிறிஸ்துமஸுக்கு இருதரப்பு வீரர்களும் பதுங்குகுழியைவிட்டு வெளியே வந்து கைகுலுக்கியதாகப் படித்திருக்கிறேன். 1944இல் அப்படி ஏதாவது நடந்ததா? விமானிகள் அன்றும் பறந்தார்களா? இன்னொரு சந்தேகம். காலாட்படைக்காரன் பனியில் குழிக்குள் கிடக்கும்போது, விமானி குண்டைப் போட்டுவிட்டுத் திரும்பிவந்து வான்கோழி விருந்து சாப்பிட்டுக் கட்டிலில் படுக்கிறான். அது கொஞ்சம் சொகுசான போர் இல்லையா? தவறாகக் கேட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆர்., நாகர்கோவில்

அன்புள்ள ஆர்.,

கோபம் எதற்கு? குழிக்குள் கிடந்தவர்களும் இதையே கேட்டிருப்பார்கள்.

1914 போல 1944இல் பாஸ்டோனில் எதுவும் நடக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஜெர்மன் விமானங்கள் பாஸ்டோன் ஊருக்குள் குண்டு போட்டன. காயம்பட்டவர்களைக் கிடத்தியிருந்த கட்டடம் இடிந்து பலர் செத்தார்கள். அவர்களைக் கவனித்துக்கொண்டிருந்த ரெனே லெமேர் என்ற உள்ளூர் நர்ஸும் செத்தார். 25ஆம் தேதி பொழுது விடிவதற்குள் ஊரின் மேற்குப் பக்கம் ஜெர்மன் டாங்கிகள் வந்துவிட்டன. வெளிச்சம் வந்ததும் தண்டர்போல்டுகளும் வந்தன. அன்று மற்ற நாட்களைப் போலவே வேலை நடந்தது.

சரி, விமானிகள் விஷயத்துக்கு வருகிறேன். பாஸ்டோனுக்கு மேல் அதிகம் பறந்தவர்களில் 406ஆவது ஃபைட்டர் குரூப் என்ற அமெரிக்கப் போர்விமானப் பிரிவும் ஒன்று. அதில் 512, 513, 514 என்று மூன்று ஸ்குவாட்ரன்கள். அவர்களுடைய தளம் பிரான்சில் ரைம்ஸ் நகருக்குப் பக்கத்தில், மூர்மெலோனில் இருந்தது. பாஸ்டோனில் மாட்டிக்கொண்ட 101ஆவது வான்வழிப் படையும் (வானிலிருந்து இறங்கித் தரையில் போரிடும் வீரர்கள்) அதே மூர்மெலோனில் முகாமிட்டிருந்து, டிசம்பர் 18ஆம் தேதி லாரிகளில் ஏறிப் போன படைதான். அதாவது விமானிகள் காப்பாற்றப் போனது நேற்றுவரை பக்கத்து முகாமில் இருந்தவர்களை. இடையில் சுமார் 140 கிலோமீட்டர். விமானத்தில் அரை மணி நேரம்கூட ஆகாது.

ஆனால் அந்த அரை மணி நேரத்தைக் கடக்க முதல் ஒரு வாரம் முடியவில்லை. ஜெர்மன் தாக்குதல் தொடங்கிய 16ஆம் தேதியிலிருந்து மூடுபனியும் தாழ்ந்த மேகமும்தான். இடையில் கொஞ்சம் திறந்தபோது சிலர் பறந்தார்கள், அவ்வளவே. ஹிட்லர் இந்த வானிலையை எதிர்பார்த்துத்தான் நாளைத் தேர்ந்தெடுத்திருந்தார். விமானிகள் விடியற்காலையில் எழுந்து, உடுப்பு மாட்டி, வரைபடத்தைப் பார்த்துவிட்டு, 'இன்று இல்லை' என்று கேட்டுக்கொண்டு திரும்பிப் போய்ச் சீட்டாடினார்கள். அமெரிக்க ஜெனரல் பேட்டன் தன் படையின் பாதிரியார் ஜேம்ஸ் ஓனீலிடம் நல்ல வானிலை கேட்டு ஒரு ஜெபம் எழுதி வாங்கி, இரண்டரை லட்சம் அட்டை அச்சடித்து விநியோகித்தார். அட்டையின் ஒரு பக்கம் ஜெபம், மறுபக்கம் கிறிஸ்துமஸ் வாழ்த்து. 23ஆம் தேதி வானம் பளிச்சென்று திறந்தது. பேட்டன் பாதிரியாருக்குப் பதக்கமே கொடுத்துவிட்டார்! ஜெபத்தின் சாரம், எதிரியைக் கொல்ல வசதியாக வெயில் கொடு என்பதுதான். அதை வாழ்த்து அட்டையின் முதுகில் அச்சடிக்க யாருக்கும் கூசவில்லை என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

சொகுசைப் பற்றிப் பேசும்போது நாம் மறந்துவிடுகிற ஆட்கள் மெக்கானிக்குகள். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தலைமை மெக்கானிக், அவருக்கு ஓர் உதவியாள், துப்பாக்கியையும் குண்டையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆயுதக்காரர். தண்டர்போல்ட் லேசான வண்டி அல்ல. 18 சிலிண்டர், 2,000 குதிரைத்திறன் எஞ்சின், இறக்கைகளில் எட்டு கனரக இயந்திரத் துப்பாக்கிகள், அதற்குமேல் 500 பவுண்டு குண்டுகள். குளிரில் எஞ்சின் ஆயில் இறுகிவிடும். அதனால் ராத்திரி எஞ்சினை அணைப்பதற்கு முன்பே ஆயிலில் கொஞ்சம் பெட்ரோலைக் கலந்து விடுவார்கள். விடியற்காலை இருட்டில் இறக்கையில் உறைந்த பனியைச் சுரண்டி எடுக்க வேண்டும். மெல்லிய படலம் மிஞ்சினாலும் விமானம் மேலே எழும்பாமல் போகலாம். அடுத்து, எஞ்சினைக் கிளப்பும் முன் அந்தப் பெரிய புரொபெல்லரைக் கையால் தள்ளிச் சுற்ற வேண்டும், அடியிலுள்ள சிலிண்டர்களில் தேங்கிய ஆயில் வெளியேறுவதற்காக. துப்பாக்கிக் குண்டுகளைத் தோட்டாப் பெட்டியில் அடுக்குவது கையுறையோடு முடிகிற வேலை இல்லை. வெறுங்கை இரும்பில் பட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும்.

இதில் எனக்கு மறக்காத ஒரு காட்சி உண்டு. தண்டர்போல்ட் தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்த்திருக்கும். விமானிக்கு முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. அதனால் ஓடுபாதைக்குப் போகும்வரை ஒரு மெக்கானிக் இறக்கையின் மேல் உட்கார்ந்து கைச்சைகையால் வழிகாட்டுவார். டிசம்பர் மாதம், புரொபெல்லர் காற்று நேரே முகத்தில் அடிக்க, ஒரு கையால் இறக்கையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு இன்னொரு கையை ஆட்டுகிற அந்த மனிதருக்கு அது அன்றைய முதல் பயணம். பகல் எட்டு மணி நேரம்தான் என்பதால் விமானம் திரும்பி வந்ததும் பெட்ரோல், தோட்டா, குண்டு ஏற்றி மறுபடி அனுப்ப வேண்டும். வான்கோழி சமையல்கூடத்தில் காத்திருந்தது உண்மைதான். சூடாகச் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

பறப்பது எப்படி இருந்தது? பாஸ்டோனுக்குள் கேப்டன் ஜேம்ஸ் பார்க்கர் என்ற விமானப்படை அதிகாரி இருந்தார். விமானங்களோடு பேசத் தேவையான ரேடியோ அவரிடம் இல்லை. ஊருக்குள் இருந்த டாங்கிப் படையினரிடம் ஒன்றை வாங்கிக்கொண்டார். 23ஆம் தேதி முதல் அவர்தான் மேலே வருகிறவர்களுக்கு இடம் சொன்னார். அன்று பனியும் அவருக்கு உதவியது. டாங்கிகள் காட்டுக்குள் ஒளிந்திருந்தாலும் அவற்றின் தடம் வெள்ளைத் தரையில் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்தது. தடத்தைப் பிடித்துக்கொண்டு போய் மரங்களுக்குள் குண்டையும், ஒட்டிக்கொண்டு எரியும் நேபாமையும் போட்டார்கள். நம்மவர் எங்கே, எதிரி எங்கே என்று குழம்பாமலிருக்க அமெரிக்கர்கள் தரையில் பளிச்சென்ற நிறத்துணிகளை விரித்துவைத்தார்கள்.

இப்போது உங்கள் 'சொகுசு'. தண்டர்போல்ட் மாதிரியான ஃபைட்டர்-பாம்பர் மற்ற குண்டுவீச்சு விமானங்களைப் போல உயரத்திலிருந்து போட்டுவிட்டுப் போவதில்லை. டைவ் அடித்து மரத்தின் உயரத்துக்கு இறங்குகிறது. லாரியிலிருந்து குதித்து ஓடுகிறவனை விமானி கண்ணால் பார்க்கிறான். அந்த உயரத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிக்குத் தப்புவது அதிர்ஷ்டம்தான். இவர்களில் அதிகம் பேரைக் கொன்றதும் எதிரி விமானம் அல்ல, இந்தப் பீரங்கிதான். அப்புறம் திரும்பி வந்தால் நீங்கள் சொன்ன கட்டில், பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் வரவில்லை என்று தெரிந்த பிறகும் படுக்க வேண்டிய கட்டில். தொடர்ந்து குழியிலேயே கிடப்பதைவிட இது லேசு என்று எனக்குத் தோன்றவில்லை, கனம் என்றும் தோன்றவில்லை. வேறு மாதிரி, அவ்வளவுதான்.

அவர்களைப் புகழ மட்டும் எழுதவில்லை. விமானிகள் அழித்ததாகச் சொன்ன டாங்கிகளின் எண்ணிக்கை மிகை. பிறகு களத்தில் நடந்து போய் எண்ணிய ஆய்வுக்குழுக்கள் அவற்றில் சிறு பங்கைத்தான் கண்டன. ஆனால் பெட்ரோல் லாரிகளை எரித்ததாலும், பகலில் சாலையில் தலைகாட்ட முடியாமல் செய்ததாலும் ஜெர்மன் தாக்குதல் மூச்சுத் திணறியது. இந்தக் கணக்கில் எழுதப்படாமல் போன ஒன்று, நேபாம் விழுந்த கிராமங்களின் நிலவறைகளில் பெல்ஜியக் குடும்பங்கள் இருந்தன என்பது. அமெரிக்கரின் கையிலேயே இருந்த மால்மெடி என்ற ஊர்மேல் 23, 24, 25 மூன்று நாளும் அமெரிக்கப் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் தவறாகக் குண்டு போட்டன. அதில் பொதுமக்களே 200 பேருக்கு மேல் செத்தார்கள்.

26ஆம் தேதி மாலை பேட்டனின் டாங்கிகள் அசெனுவா கிராமம் வழியாகப் பாஸ்டோனை அடைந்தன. விமானிகளுக்கு விடுப்பு இல்லை. ஜனவரி 1 காலையில், புத்தாண்டுக் களைப்பில் இருப்பார்கள் என்று கணக்குப்போட்டு ஜெர்மானியர்கள் நேச நாட்டுத் தளங்கள்மேல் ஒட்டுமொத்தமாகப் பாய்ந்தார்கள். மெட்ஸ் தளத்தில் வரிசையாக நின்றிருந்த தண்டர்போல்டுகளில் இருபதுக்கு மேல் எரிந்தன. விமானிகள் உள்ளே இல்லாததால் பிழைத்தார்கள், விமானங்களும் சீக்கிரமே மாற்றாக வந்துவிட்டன. ஜெர்மனியோ அன்று ஒரே காலையில் 200 விமானிகளுக்கு மேல் இழந்தது. அவர்களுக்கு மாற்று கிடைக்கவில்லை.

அன்புடன்