தண்ணீர் ஊற்றிப் பார்த்தாயா?

அன்புள்ள ஐயா,
ஊர் தங்கச்சிமடம், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கோடிங் போட்டிகளில் நிரலைச் சோதிக்கத் தரும் மாதிரி டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ் ஆகிறது, மறைத்து வைத்திருப்பதில் தோற்றுவிடுகிறேன். அடுத்தடுத்து நிற்கும் எண்களின் அதிகபட்சக் கூட்டுத்தொகையைக் கேட்கும் கணக்கு. என் நிரலை இணைத்திருக்கிறேன். தோழிகள் விடையைப் பார்த்துவிடு என்கிறார்கள். தப்பா? சி பிளஸ் பிளஸை விட்டுப் பைத்தானுக்கு மாறவா?
- ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுது. மற்றதற்கு அப்புறம் வருகிறேன்.

என் அப்பா பாம்பனில் வள்ளங்களுக்குக் கலப்பத்து அடித்தவர். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து அடைத்ததும் வள்ளத்தைக் கடலுக்குத் தள்ள விடமாட்டார். கரையிலேயே வைத்து உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்வார். ஊற்றுவது நான். அவர் அடியில் குனிந்து, கசியும் இடத்தில் கரித்துண்டால் அடையாளம் போடுவார். தான் அடைத்த இடமே கசிந்தால் அவருக்கு ஒரு சந்தோஷம் வரும். எனக்கு அது வெகுநாள் புரியவில்லை.

உன் நிரலைப் படித்ததும் கோபம்தான் வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை நீ. அவர்கள் தந்த இரண்டு மாதிரியை ஓட்டிவிட்டு அனுப்பியிருக்கிறாய். ஒரே ஒரு எண், -7, கொடுத்துப் பார் தாயி. -7 வர வேண்டிய இடத்தில் 0 வரும். அதிகபட்சத்தை 0-இல் தொடங்கினால் வேறென்ன வரும்? அப்புறம், கணக்கிலேயே எல்லை போட்டிருக்கிறது: ஒரு லட்சம் எண்கள், ஒவ்வொன்றும் ஒரு லட்சம் வரை. கூட்டினால் ஆயிரம் கோடி. நீ எடுத்திருக்கும் இன்ட் என்ற எண் வகை 214 கோடிச் சொச்சத்தோடு நின்றுவிடும். பைத்தானுக்குப் போனால் இந்த ஓட்டை அடைபடும், முதல் ஓட்டை கூடவே வரும்.

இதற்காக அழாதே. ஜாவா மொழியின் நூலகத்தில் இருக்கும் பைனரி சர்ச் என்ற தேடல் நிரலிலேயே இன்ட் நிரம்பி வழியும் பிழை ஒன்பது ஆண்டுபோலக் கிடந்து, 2006-இல்தான் ஊருக்குத் தெரிந்தது.

எல்லாக் கூட்டுத்தொகையையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் மந்தமான நிரல் ஒன்றை எழுது. நேரம் ஆனால் ஆகட்டும். ஐந்து எண்களுக்கு மேல் வேண்டாம், -3 முதல் 3 வரை கண்டபடி எடுத்து ஆயிரம் தடவை உன் பழைய நிரல், இந்த மந்த நிரல் இரண்டுக்கும் கொடு. எங்கே விடை மாறுகிறதோ அங்கே கரித்துண்டை எடு. பெரிய எண்களை மட்டும் கையால் போட்டுப் பார்.

விடையைப் பார்ப்பதா? பார். உன் நிரலைத் தோற்கடிக்கும் கேஸ் ஒன்றை நீயே எழுதிய பிறகு.

மூன்றாவதாக ஒரு ஓட்டையும் இருக்கிறது. அதை நான் சொல்லப்போவதில்லை.