எத்தனை மணித்தியாலத்தில் வந்தது? வயிற்றுக் கோளாறு கேள்வி பதில்

திருகோணமலையில் மாரி தொடங்கிவிட்டது, கூடவே வயிற்றோட்டமும். ஓய்வுபெற்ற தாதி நான். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கிண்ணியாவிலிருந்து: மிஸ், கல்யாண வீட்டில் பகல் சாப்பிட்டு மூன்று மணித்தியாலத்தில் நாலு பேருக்கும் சத்தி. இரவே நின்றுவிட்டது. சோற்றில் கிருமியா?

இவ்வளவு சுருக்காக வந்தால், கிருமி உங்கள் வயிற்றில் பெருகியிருக்க நேரமில்லை. நஞ்சு சாப்பாட்டிலேயே ஊறியிருந்திருக்கும். சமைத்தவரின் கைப்புண்ணிலிருந்து ஸ்டஃபைலோகொக்கஸ் என்ற கிருமி ஏறியிருக்கலாம். இல்லாவிட்டால் பசிலஸ் சீரியஸ்: அதன் வித்து சோறு வெந்தாலும் சாகாது, பெரிய சட்டி மெல்ல ஆறும்போது முளைக்கும். இரண்டும் விடுகிற அந்தச் சத்தி நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. உள்ளே போய்ப் பெருகும் சால்மோனெல்லா கிருமி என்றால் 6 முதல் 72 மணித்தியாலம் எடுக்கும், காய்ச்சலும் வரும். வாட்டில் என் முதல் கேள்வி எப்போதும் "எத்தனை மணிக்குச் சாப்பிட்டனீங்கள்?" என்பதுதான்.

நிலாவெளியிலிருந்து: சூரை மீன் தின்று அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து தலையிடி, வயிற்றோட்டம். அலர்ஜியா?

அலர்ஜி மாதிரியே இருக்கும். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரையில் பக்டீரியா ஹிஸ்டமினை, அதாவது அலர்ஜியில் நம் உடம்பு விடுகிற அதே பொருளை, உண்டாக்கும். அவித்தாலும் பொரித்தாலும் அது அழியாது. வாயில் மிளகு போல உறைத்தால் துப்பிவிடுங்கள். மூச்சு இழுத்தால் உடனே ஆஸ்பத்திரி.

உப்புவெளியிலிருந்து: வெள்ளம் கிணற்றுக்குள் வந்தது. இப்போது தண்ணி தெளிந்துவிட்டது, குடிக்கலாமா?

மலசலகூடக் குழியும் வெள்ளத்தில் கரைந்திருக்குமே தம்பி! தெளிந்த தண்ணியிலும் கிருமி இருக்கும். வயிற்றுளைவு சில நாளில் வரும், நெருப்புக்காய்ச்சல் ஒன்றிரண்டு கிழமையில், செங்கமாரி ஒரு மாதம் கழித்தும் வரும். அப்போது யாரும் கிணற்றை நினைக்கமாட்டார்கள். இறைத்து, பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லிக் குளோரின் போடுங்கள். அதுவரை கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

அவரே: கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணியில் கிருமி சாகாதா?

குளிக்கிற சூடு கிருமிக்கும் சுகம்தான். நம் குடலின் 37 பாகையில்தானே அது வளர்கிறது.

மூதூரிலிருந்து ஒரு தாய்: இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஐந்து தரம் வயிற்றால் போய்விட்டது. போனமுறை மிஞ்சிய அன்டிபயட்டிக் பாணி இருக்கிறது, கொடுக்கவா?

வேண்டாம் பிள்ளை. இந்த வயதில் பெரும்பாலும் வைரஸ்தான், அதற்கு அன்டிபயட்டிக் கேட்காது. ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச் சீனித் தூள்) கரையுங்கள், பக்கெற்றில் எழுதிய தண்ணி அளவு குறையக்கூடாது. சத்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். சாப்பாட்டை நிறுத்தவேண்டாம். கரைத்தது 24 மணித்தியாலம் கடந்தால் ஊற்றிவிடுங்கள். கண் குழிவிழுந்தால், கண்ணீரில்லாமல் அழுதால், சலம் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால் விடியும்வரை பார்த்திருக்காமல் இரவோடு இரவாகக் கொண்டுபோங்கள்.